மாடிப்படிக்குக் கீழே ஒரு காணி

என்னுடைய அப்பா லண்டனில் எட்டு நாட்கள் காணிச் சொந்தக்காரராக இருந்தார். ஹரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய சின்னச் சாமான் அறை ஒன்று இருந்தது. அதுதான் காணி. உயரம் ஒரு பக்கம் ஐந்தடி, மறுபக்கம் பூச்சியம். உள்ளே ஏழு விஸ்கிப் போத்தல்கள், இரண்டு பை கோதுமை மா, ஓட்ஸ், பிஸ்கட் பெட்டிகள், பாதி முடிந்த கோன்பிளேக்ஸ். அவ்வளவும் அப்பாவுடையவை. எழுத்தில் உறுதிப் பத்திரம் இருந்தது, சாவியும் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த எட்டு நாட்களின் அருமை விளங்க வேண்டுமென்றால், அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு காணி இருந்ததைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில், கிணறும் ஆறு அறையும் உள்ள வீடு. பீரங்கிச் செல் விழத் தொடங்கிய ஒரு காலை, இரண்டு நாளில் திரும்பலாம் என்று அப்பாவும் அம்மாவும் புறப்பட்டார்கள். பிறகு இராணுவம் அந்த ஊரையே முள்ளுக்கம்பிக்குள் எடுத்து அதிஉயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைத்தது. சண்டை முடிந்த பிறகும் கம்பி அகலவில்லை. வீட்டின் உறுதி எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது, வீடு யாருடைய கையில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டனில் அப்பா பஸ் ஓட்டினார். நாங்கள் இருந்தது வாடகை வீடு. அதன் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு யூதர்கள் மேல் அளவுகடந்த மரியாதை. ஒரு யூதரைக்கூட அவர் பார்த்துப் பழகியதில்லை, மரியாதைக்கு அது தடையாக இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் "யூதரைப் பாருங்கோ" என்றுதான் போய் முடியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் குறைந்த மார்க் எடுத்தால், யூதப் பிள்ளைகள் இரண்டாயிரம் வருடம் தங்கள் பாஷையை விடாமல் வைத்திருந்த கதை வரும். நான் கீரை சாப்பிடாவிட்டாலும் அந்த இரண்டாயிரம் வருடம் எப்படியோ வந்து சேரும். அந்தப் பிள்ளைகள் கீரை சாப்பிட்டார்களா என்று கேட்டு ஒருமுறை வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

ஆகவே பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு யூதர் என்று தெரியவந்த நாள் அப்பாவுக்குத் திருநாள். அவர் கண்ணாடிக்கடை நடத்தி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருந்தவர். அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கால் கழன்றபோது, ஊசி போன்ற திருப்புளியால் ஒரு நிமிடத்தில் பூட்டிக் கொடுத்தார். அம்மா அவருக்குக் கண்ணாடி ஐயா என்று பெயர் வைத்தாள். அவருடைய கதவு நிலையில் சரிவாக அடித்திருந்த சிறிய உலோகக் கூட்டைக் கண்டு அது என்னவென்று அம்மா கேட்க, வேதவசனம் உள்ளே இருக்கிறது, நாங்கள் யூதர்கள் என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலையே அப்பா கொல்லைப்புற வேலியடியில் போய் நின்றார். பல வருடமாக மனதில் வைத்திருந்த கேள்வியை ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்: நீங்கள் எப்படி ஒரு நாடு எடுத்தீர்கள்?

கண்ணாடி ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் பக்கத்திலும் நத்தை வருகிறதா, என்னுடைய லெட்டூஸ் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது என்றார்.

அப்பா மனம் தளரவில்லை. பெரிய ஆட்கள் உடனே சொல்லமாட்டார்கள் என்று எங்களுக்கு விளக்கம் தந்தார். ஒரு வருடம் விடாமல் முயன்றார். நத்தை, தண்ணீர்க்குழாய், கவுன்சில் குப்பைத்தொட்டி என்று எல்லாவற்றைப் பற்றியும் அந்த மனிதர் மனம் திறந்து பேசினார். நாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சாலேயே பாதிச் சிநேகிதரை இழந்தவர் என்பதும், யூதத் தொழுகைக்கூடத்தில் சண்டைபோட்டுக்கொண்டு வெளியே வந்தவர் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஏப்ரல் காலை அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கையில் காகிதத்தோடு எங்கள் கதவைத் தட்டினார். பாஸ்கா பண்டிகை வருகிறது என்றார். அவர்களுடைய முன்னோர் எகிப்தில் அடிமையாக இருந்து அவசரமாக வெளிக்கிட்டபோது, பிசைந்த மா புளிக்க நேரமிருக்கவில்லையாம். அதை நினைத்து எட்டு நாள் புளித்த மாவில் செய்தது எதையும் சாப்பிடுவதில்லை. சாப்பிடாமல் விட்டால் மட்டும் போதாது, வீட்டில் அது தங்களுக்குச் சொந்தமாகவே இருக்கக்கூடாது. எறிய மனமில்லாததை யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். மனைவி இருந்த காலத்திலிருந்து அது அந்த வீட்டு வழக்கம். வழக்கமாக அவர்களுடைய மதகுருதான் எல்லோருக்குமாக விற்றுக் கொடுப்பார். இப்போது அந்தக் குருவோடு இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் நெகிழ்ந்தாள். "நாங்கள் வெளிக்கிடேக்க தோசைக்குக் கரைச்சு வைச்ச மா அப்பிடியே கிடந்தது. அது இப்பவும் புளிச்சுக்கொண்டுதான் கிடக்கும்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். கண்ணாடி ஐயா அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா கேட்டது வேறு. இது சும்மா ஒரு சம்பிரதாயம்தானே என்று கேட்டார். கண்ணாடி ஐயாவின் முகம் இறுகியது. சம்பிரதாயம் என்றால் செல்லாது என்றார். சாமான்கள் உங்களுடையவை, அவை இருக்கும் இடமும் உங்களுடையது. எந்த நேரமும் என் வீட்டுக்குள்ளால் போய் நீங்கள் அதைத் திறக்கலாம், நான் மறிக்க முடியாது. எட்டு நாள் கழித்து நீங்கள் திருப்பி விற்கமாட்டேன் என்றாலும் நான் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தப் பகுதியை மட்டும் என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

ஒரு பவுண் நாணயம் கைமாறியது. காகிதத்தை ஐயாவே எழுதினார், அப்பா கையெழுத்து வைத்தார். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் ஒரே ஒரு உதவி கேட்டார். இஸ்ரேலில் இருக்கும் தங்கை பண்டிகைக்கு வருகிறாள். பதினொரு வருடத்துக்கு முன் இதே பண்டிகைச் சாப்பாட்டில், அந்த நாட்டைப் பற்றிய பேச்சில்தான் இருவரும் மேசையை விட்டு எழும்பினார்கள். இந்தமுறை அவள் எட்டு நாளும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து அவளிடம் கேட்கவேண்டாம். அப்பா நெஞ்சில் கை வைத்து, உங்கள் வீட்டுக்குள் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்பா காணி பார்க்கப் போகத் தொடங்கினார். ஷிப்டுக்கு முன்னால் பஸ் கம்பனி உடுப்போடு போய் மணி அடிப்பார். ஐயா கதவைத் திறந்து ஒதுங்கி நிற்பார். அப்பா சாமான் அறையைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிட்டு வருவார். அவ்வளவுதான். இரண்டாம் நாள் அப்பாவின் சாமான் அறைக் கதவில் சாய்த்தபடி ஐயாவின் தூசி உறிஞ்சும் மெஷின் நின்றது. அப்பா யாழ்ப்பாணத்து மனுசர், வேலி எல்லைப் பிரச்சினையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது என்று பணிவாகச் சுட்டிக்காட்டினார். ஐயா மன்னிப்புக் கேட்டு அதை அப்புறப்படுத்தினார். அன்று வீட்டுக்கு வந்த அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

செய்தி அப்டன் பார்க்கில் கடை வைத்திருந்த மாமாவுக்கு எட்டியது. மாமா அம்மாவின் தம்பி. ஏழு போத்தல் என்று கேள்விப்பட்டதும் அன்று பின்னேரமே ரயிலேறி வந்துவிட்டார். சொந்தச் சாமானில் ஒரு போத்தலைத் திறப்பதில் என்ன தவறு என்பது அவருடைய வாதம். அப்பா மறுத்தார். மாமா விடவில்லை.

"தொடவும் மாட்டியள், திருப்பியும் குடுக்கப்போறியள் எண்டா நீங்கள் சொந்தக்காரன் இல்லை அத்தான். வாச்சர்."

காவல்காரன் என்ற அந்தச் சொல் அப்பாவைச் சுட்டது எனக்குத் தெரிந்தது. இரவுச் சாப்பாட்டில் திடீரென்று, குடுக்காமல் விட்டால் என்ன என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

பண்டிகை தொடங்கிய மாலையே தங்கை வந்து சேர்ந்திருந்தார். அப்பா காணி பார்க்கப் போனபோது, சமையலறை வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாராம். வாக்கு வாக்குத்தான் என்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு யூதப் பெண்மணி, அதுவும் அந்த நாட்டிலிருந்தே வந்தவர், ஆறடி தூரத்தில் நிற்கிறார், கேட்கமுடியவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து தலையிடி என்று படுத்துவிட்டார்.

அம்மாவுக்கு வேறு கவலை. வெளியூரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், எட்டு நாள் பாண் ரொட்டி இல்லாமல் பட்டினி கிடக்கிறாள். பாண்தானே கூடாது, ரோல்ஸ் சாப்பிடலாம் என்று அம்மா தீர்மானித்தாள். எந்த இறைச்சி ஆகும், எது ஆகாது என்று தெரியாததால் மிகக் கவனமாக உருளைக்கிழங்கும் லீக்ஸும் மட்டும் வைத்தாள். மாவில் சுட்ட தோலில் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்து இருபது ரோல்ஸ் அடுக்கினாள். தட்டு என்னிடம் தரப்பட்டது. அப்பா சாவியோடு கூட வந்தார்.

கதவைத் திறந்தது தங்கை. குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி, வார்டுக்குள் நுழைகிற தாதி மாதிரி நிமிர்ந்த நடை. உண்மையிலேயே ஓய்வுபெற்ற தாதிதான். இது என்ன என்று அன்பாகக் கேட்டார். கேள்விக்கு முழு விடை எழுதவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கப்பட்டவள் நான். கோதுமை மா, முட்டை, உருளைக்கிழங்கு, வெளியே காய்ந்த பாண்தூள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவருக்குப் பின்னால் நின்ற கண்ணாடி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, தட்டிலிருந்து ஒரு துணுக்கு கம்பளத்தில் விழுந்தது.

மூன்று நாள் செலவழித்து மூலைமுடுக்கெல்லாம் துடைத்த வீடு அது. தங்கை அந்தத் துணுக்கைப் பார்த்தார். பிறகு திரும்பி, வீடு சுத்தமாக இருக்கிறதென்று சொன்னாயே என்று அண்ணனைத் தாழ்ந்த குரலில் கேட்டார். தங்கையின் பயணப்பெட்டி மாடிப்படிக்குப் பக்கத்தில் இன்னும் முழுக்கப் பிரிக்காமல் நின்றது. ஐயாவின் கண் அந்தப் பெட்டிக்குப் போனது.

அப்போது அப்பா தட்டை என் கையிலிருந்து வாங்கினார். மன்னிக்கவேண்டும், இது உங்களுக்குக் கொண்டுவந்தது அல்ல, இது என்னுடைய சாமான், என்னுடைய இடத்துக்குப் போகிறது என்று அழுத்தம் திருத்தமாக அறிவித்தார். குனிந்து விரலைத் தொட்டு அந்தத் துணுக்கை எடுத்தார். இதுவும் என்னுடையது என்றார். நைவேத்தியம் கொண்டுபோகும் ஐயர் மாதிரித் தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளால் நடந்து, சாமான் அறையைத் திறந்து, தட்டோடு உள்ளே போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார். விஸ்கிப் போத்தல்களுக்கு நடுவே, முழங்கால் முட்ட, அப்பாவும் மகளும் எங்கள் காணியில் இருந்தோம்.

யார் இந்த மனிதன் என்று தங்கை கேட்பது கேட்டது. சொந்தக்காரர் என்று ஐயா சொன்னார். தங்கை சிரிக்கத் தொடங்கினார், மூச்சு வாங்கும் வரை சிரித்தார். ஒரு கதிரையை இழுத்துவந்து எங்கள் வாசலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஐயா மாடிப்படியில் உட்கார்ந்தார். அது எங்கள் தலைக்கு நேர் மேலே. அவர் உட்காரும்போது பலகை முனகியது.

அப்பா ஒரு ரோலை எடுத்துக் கடித்தார். நல்ல தெம்போடு அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்கள் எப்படி ஒரு நாடு எடுத்தீர்கள்? நான் திடுக்கிட்டுக் காதுக்குள் வாக்கை ஞாபகப்படுத்தினேன்.

"வாக்குக் குடுத்தது அவற்ர வீட்டுக்குள்ள" என்றார் அப்பா. "இது என்ர இடம்."

தங்கை விடை சொல்லத் தயங்கவில்லை. அவர்களுடைய அம்மா, கைக்குழந்தையாக இருந்த இந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு, யூதரைத் துரத்திய ஐரோப்பாவில் ஐந்து தூதரகங்களின் வாசலில் வரிசையில் நின்றாராம். ஐந்தும் மூடிக்கொண்டன. ஆறாவதாகத் திறந்தது இங்கிலாந்து. அண்ணன் அதை மறந்துவிட்டான், இங்கே பிறந்த நான் மறக்கவில்லை என்றார். "எனக்கு நாடு என்றால் கொடி இல்லை. என் முகத்தில் அடித்துச் சாத்தாத ஒரு கதவு."

மேலேயிருந்து பலகை வழியாக ஐயாவின் குரல் வந்தது. "அந்தக் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கையிலும் சாவி இருக்கிறது."

அதன்பிறகு இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பாலஸ்தீனத் தாய்மாருக்கும் யூதத் தாய்மாருக்கும் ஒரே வார்டில் பிரசவம் பார்த்தவள் நான், இருபக்கத்துப் பிணங்களுக்கும் கண்ணை மூடிவிட்டவள், நீ லண்டனில் சோபாவில் இருந்து கவலைப்படுகிறாய் என்றார் தங்கை. அந்தத் தாய்மாருக்காகக் கவலைப்பட்டது துரோகம் என்று என் தொழுகைக்கூடத்தில் சொன்னார்கள் என்றார் அண்ணன். சரி என்று பாலஸ்தீனத்துக்காக ஊர்வலம் போகிறவர்களிடம் போனால், நான் யாராகப் பிறந்தேனோ அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "எனக்கு இரண்டு இடத்திலும் கதிரை இல்லை." அதற்குத்தான் சொன்னேன், சொந்தமாக ஒரு கதிரை வைத்திரு என்று, என்றார் தங்கை. அதை யாருடைய முற்றத்தில் வைப்பது என்றார் அண்ணன்.

அப்பாவின் தலை வாசலுக்கும் கூரைக்குமாகப் போய்ப் போய் வந்தது. இரண்டாயிரம் வருடத்துச் சமையல் குறிப்பு ஒன்றை எதிர்பார்த்து வந்தவர் அவர். என் பக்கம் சரிந்து, மிகுந்த ஏமாற்றத்தோடு மெதுவாகச் சொன்னார். "இவையள் இன்னும் முடிவெடுக்கேல்லை."

திடீரென்று தங்கை முழங்காலில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். சரி, உனக்கு என்ன வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். தமிழ் மண்டபங்களில் மைக் கிடைத்தால் ஒரு மணித்தியாலம் விடாத மனிதர், கையிலிருந்த பாதி ரோலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்.

"பின்கதவு பூட்டாமல் வந்தனாங்கள். ரெண்டு நாள் எண்டு நினைச்சனாங்கள். அதை ஒருக்காப் போய்ப் பூட்டவேணும்."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தங்கை கேட்டார். ஆமி என்றார் அப்பா. தங்கை கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தார், மேலே பலகை ஒருமுறை முனகியது. பெரியவர்கள் களைத்துவிட்டார்கள் என்று எண்ணி நான் ஐந்தாவது ரோலை எடுத்தேன்.

தங்கை பெட்டியைத் தூக்கவில்லை. எட்டு நாளும் இருந்தார். தினமும் அப்பா காணி பார்க்கப் போகும்போது அந்தக் கதிரை வாசலடியில் போட்டிருந்தது. அவரும் அண்ணனும் அப்பாவுமாக மூன்று பேரும் சண்டை பிடித்தார்கள். சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது. அந்த வீட்டில் இவ்வளவு சந்தோசமான சத்தத்தை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் காலை, ஐயாவும் தங்கையும் புதுக் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கைக்கு விமான நிலையம் போக டாக்ஸி வரவிருந்தது. திருப்பி விற்க விருப்பமில்லையென்றால் சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம் என்று ஐயா மறுபடியும் சொன்னார். அப்பா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் போனது. "இஞ்சேருங்கோ, மனுசரை நிக்கவைக்காதேங்கோ" என்றாள் அம்மா. முதல்நாள்தான் மாமா போன் எடுத்து, எதிலும் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"பிடிச்சு வைச்சிருக்க நாங்கள் என்ன ஆமியோ" என்று அப்பா யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார்.

விற்பவர் பெயரும் விலாசமும் எழுதவேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தையும் நிரப்புவது நான்தான். அன்று அப்பா பேனையைத் தரவில்லை. தானே குனிந்து மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஹரோ இல்லை, போஸ்ட்கோட் இல்லை. கோயிலடி என்று தொடங்கி, எங்கள் ஊர்ப் பெயர், யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தார்.

"அப்பா, விலாசம் பிழை" என்றேன். நான் அடிமட்டம் கொண்டுவந்து வைத்து, அந்த வரியை இரண்டு நேர்கோட்டால் வெட்டி, மேலே எங்கள் லண்டன் விலாசத்தைத் திருத்தமாக எழுதினேன். வெட்டியது என்ன என்று தங்கை கேட்டார். பழைய விலாசம், மாறி எழுதிவிட்டார், அங்கே இப்போது எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். அப்பா, ஓம் ஓம், பிள்ளை சரியாத்தான் சொல்லுது என்றார்.

தங்கை அண்ணனைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் முதன்முறையாக அவர்கள் இருவரும் எதிலோ ஒத்துப்போனார்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடி ஐயா நான் திருத்திய காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இன்னொரு காகிதம் கேட்டு வாங்கி முழுவதையும் முதலிலிருந்து எழுதினார். விலாசம் வந்ததும் நிறுத்தி, அந்த ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும்படி அப்பாவைக் கேட்டார். அப்பா சொன்னார். கோயிலடியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை அவர் எழுதி முடித்து, இரண்டாம்முறை வாசித்துச் சரிபார்த்தார். அப்பா கையெழுத்து வைத்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிழையான விலாசம் போட்ட உறுதி செல்லாது, ஆகவே அந்த ஏழு போத்தலும் சட்டப்படி இன்னும் எங்களுடையவைதான் என்று அன்றைக்கே மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மாமா அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். ஒரு துணுக்குப் பாண்தூளில்கூடச் சட்டம் பார்த்த கண்ணாடி ஐயா, இவ்வளவு பெரிய பிழையை ஏன் தன் கையாலேயே திரும்ப எழுதினார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.